தனியொருவன்: பெயோவுல்ஃப் காப்பியத் தலைவனைப் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஆங்கில மொழியின் பழைய நிலையாகிய ஆங்கிலோ-சாக்சன் மொழியில் எழுந்த வீரகாப்பியங்களுள், அளவாலும் சிறப்பாலும் முதற்கண் வைத்து எண்ணப்பெறுவது பெயோவுல்ஃப் என்னும் காப்பியம். 3182 அடிகளால் இயன்ற இந்நூலின் ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை. நூலின் பெயரும் ஏட்டில் இல்லை. காப்பியத் தலைவனின் பெயரையே பிற்காலத்தார் நூலுக்கும் இட்டு வழங்கினர். இதற்குக் கிடைத்துள்ள பழைய கையெழுத்துப் படி ஒன்றே. கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில் இருவர் கையால் எழுதப்பட்ட அப்படி, 1731இல் இலண்டனில் நிகழ்ந்த தீவிபத்தில் ஓரங்கள் கருகிய நிலையில் தப்பிப் பிழைத்து, இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதனை முதன்முதலில் முழுமையாக அச்சேற்றியவர் தோர்க்கெலின் என்பார், ஆண்டு 1815. காப்பியம் இயற்றப்பட்ட காலம் எட்டாம் நூற்றாண்டு என்பாரும், அதற்கும் பிற்பட்டது என்பாரும் உளர். அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஈண்டு அதனுள் யாம் புகவில்லை.

காப்பியம் ஆங்கிலத்தில் அமைந்ததாயினும், கதை நிகழும் களம் இங்கிலாந்து அன்று. டென்மார்க்கும் தென் சுவீடனுமே ஆகும். கதை வருமாறு: டேனியர் அரசனாகிய ஹ்ரோத்கார் ஹியரோட் என்னும் பேரவை மண்டபத்தை எழுப்புகின்றான். கிரெண்டல் என்னும் அரக்கன் பன்னிரண்டு ஆண்டுக்காலம் இரவுதோறும் அதனைச் சூறையாடுகின்றான். கீட்டர் குலத்து இளைஞனாகிய பெயோவுல்ஃப் கடல் கடந்து வந்து, கிரெண்டலை வெறுங்கையால் வெல்கின்றான். மகனுக்காகப் பழிவாங்க வந்த தாயரக்கியை நீர்நிலையின் அடியிற் சென்று கொல்கின்றான். பின்னர்த் தன் நாடு திரும்புகின்றான். காலப்போக்கில் கீட்டர் அரசனாகி ஐம்பது ஆண்டு ஆள்கின்றான். முதுமையில், பொற்குவை காத்த நெருப்புநாகம் ஒன்று நாட்டை எரிக்க, அதனோடு பொருது அதனைக் கொன்று தானும் மாய்கின்றான்.

இத்தலைவனை மதிப்பிடுவது எங்ஙனம்? முதிய அரசன் படையை விடுத்துத் தனியே நாகத்தை எதிர்த்தது பெருமையா, பிழையா? அவன் இறந்ததும் பகைவர் சூழ்ந்து கீட்டர் குலம் அழியும் என்று காப்பியமே கூறுகின்றது. ஆதலின், இவ்வினா ஒருவனுடைய ஒழுக்கம் பற்றியது மட்டுமன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வும் தாழ்வும் பற்றியதுமாம். இவ்வினாவிற்குக் காப்பியத்தின் சொல்லாட்சி கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிஞர் கருத்துகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டபிள்யூ. பி. கெர் முதலிய அறிஞர், இக்காப்பியத்தின் நடையை வியந்தனராயினும், அரக்கரொடும் நாகத்தொடும் போர்புரிதலாகிய கதையை எளிய கதையென்றே மதித்தனர். அரசர் குலப் பகைகளும் போர்களும் ஓரத்தில் ஒதுங்கி நிற்க, அரக்கர் நடுவிடம் பெற்றமை குறையென அவர்களுக்குத் தோன்றியது. 1936இல் டால்கீன் ஆற்றிய புகழ்பெற்ற உரை இக்கருத்தை மாற்றிற்று. மாந்தன் எத்துணை வலியனாயினும் இறுதியில் வீழ்பவனே என்னும் உண்மையைக் காட்டவே அரக்கர் நடுவிடத்து நிற்கின்றனர் என்றும், காப்பியம் இளமையும் முதுமையுமாகிய இரு பெரும் பகுதிகளின் எதிர்நிலையால் அமைந்தது என்றும் அவர் நிறுவினார்.

அவரே 1953இல் வெளியிட்ட பிறிதொரு கட்டுரையில், மக்களின் நம்பிக்கை அனைத்தையும் சுமந்த அரசன் இளமைக்காலத்து வீரவேட்கையை விடாது நாகத்தைத் தனித்து எதிர்த்தது மிகையெனக் குறித்தார். 1965இல் ஜான் லேயர்ல் என்பார், வீரனுக்குரிய அறமும் அரசனுக்குரிய அறமும் தம்முள் முரணுவன என்றும், அம்முரணே காப்பியத்தின் உட்பொருள் என்றும் விரித்துரைத்தார். இவற்றை மறுத்து, நாட்டைக் காக்கும் கடமை மேற்கொண்ட அரசனிடத்துக் குற்றம் காண்டல் பொருந்தாது என்பாரும் பலர்.

இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இருவரும் தலைவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே வழக்காடுகின்றனர். ஒருவர் தண்டிக்கின்றார், ஒருவர் விடுவிக்கின்றார். காப்பியப் புலவர் அவ்வாறு தீர்ப்பு வழங்கப் புகுந்தவராக எமக்குத் தோன்றவில்லை. அவர் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஆள்கின்றார். அச்சொல்லின் வழியே சென்றால் அவர் கருத்துப் புலனாகும்.

'ஆனா' என்னும் சொல்

பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்பது ஒன்று, ஒருவன் எனப் பொருள்படும். அதனடியாகப் பிறந்த 'ஆனா' என்பது தனியாக, தனியொருவனாக எனப் பொருள்படும். எங்கும் பயிலும் எளிய சொல்லே இது. ஆயினும் இக்காப்பியத்தில் இது வரும் இடங்களை ஒருங்கு வைத்து நோக்கின், தற்செயலென்று தள்ளவியலாத ஓர் ஒழுங்கு காணப்படும்.

காப்பியத் தொடக்கத்தில் டேனியர் குலமுதல்வனாகிய ஸ்கில்டு குழந்தைப் பருவத்திலேயே தனியனாய்க் கடல் மேல் விடப்பட்டவன் எனக் கூறப்படுகின்றான் (46ஆம் அடி). ஆயினும் அவன் இறக்குங்கால் மகனும் மரபும் உடையவனாய் இறக்கின்றான். தனியனாய் வந்தவன் குலத்தை விட்டுச் சென்றான் என்பது காப்பியத்தின் முதற் காட்சி. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுதல் வேண்டும். இறுதிக் காட்சி இதற்கு நேர்மாறானது.

அடுத்து, அச்சொல் கிரெண்டலுக்கு உரியதாகின்றது. அறத்தை எதிர்த்து, அனைவரையும் எதிர்த்து, அவன் தனியொருவனாய் ஹியரோட்டை ஆண்டான் என்கின்றார் புலவர் (145ஆம் அடி). பலர் கூடியுண்ணும் மண்டபத்திற்குப் பகை கூட்டமற்ற தனியன் என்பது கருத்து. அப்பகையை எதிர்க்க வந்த பெயோவுல்ஃப் ஹ்ரோத்காரிடம் கூறும் முதல் உரையிலும் அச்சொல்லே வருகின்றது: அரக்கனோடு தான் தனியே வழக்குத் தீர்க்கப் போவதாக அவன் சொல்கின்றான் (425ஆம் அடி). தனியனாகிய பகைவனை வெல்லத் தனியனாகிய வீரன் வேண்டும் என்பது இதனாற் போதரும். வீரனுக்கும் அரக்கனுக்கும் ஒரே அடைமொழியைப் புலவர் தந்தமை, இருவரையும் ஒன்றென இகழ்தற்கன்று. வீரனின் ஆற்றல் எத்தகைய எல்லையில் நின்று செயற்படுகின்றது என்பதை உணர்த்தற்கே.

ஆயினும் அவ்வுரையிலேயே ஆறடி கடந்ததும், ஹியரோட்டைத் தூய்மை செய்யும் பேற்றைத் 'தனக்கும் தன் வீரர் குழுவுக்கும்' தருமாறு வேண்டுகின்றான். இளமைக்காலத்துத் தனிமை முற்றத் தனிமை அன்று. பதினான்கு தோழர் உடன் வந்துளர். கிரெண்டலோடு அவன் மற்போர் புரிகையில், அத்தோழர் வாள் உருவித் தம் தலைவனைக் காக்க நாற்புறமும் பாய்கின்றனர். கிரெண்டலின் உடலில் எவ்வாளும் பாயாது என்பதை அவர்கள் அறியார். அவர்கள் வீச்சு பயன்படவில்லை. ஆனால் அவர்கள் ஓடவில்லை. நீர்நிலையின் அடியில் அவன் தாயரக்கியோடு பொருதபோதும், நீரிற் குருதி மிதக்கக் கண்ட டேனியர் அவன் இறந்தானெனக் கருதி வீடு திரும்ப, கீட்டர் மட்டும் நெஞ்சுடைந்தும் கரையில் காத்திருக்கின்றனர். இவ்விரு காட்சிகளையும் நாகப்போரின் காட்சியோடு ஒப்பிட்டு நோக்குதல் இன்றியமையாதது.

ஹ்ரோத்காரின் அறிவுரை

இரு வெற்றிகளின் பின் ஹ்ரோத்கார் இளைஞனுக்குக் கூறும் அறிவுரை (1700 முதல் 1784 வரையுள்ள அடிகள்) காப்பியத்தின் நடுவே ஒரு தூண்போல் நிற்கின்றது. பண்டை அரசனாகிய ஹெரெமோடு வலிமை மிகப் பெற்றும் உடனுண்டாரைக் கொன்று, முடிவில் மாந்தர் மகிழ்ச்சியினின்றும் தனியனாய் விலகிப் போனான் என்று அவன் எடுத்துக்காட்டுகின்றான். ஈண்டும் அச்சொல் வருதல் காண்க (1714ஆம் அடி). வலிமையின் செழிப்பு சிறிது காலமே நிற்கும். நோயோ வாளோ நெருப்போ வெள்ளமோ முதுமையோ அதனைக் கவரும். ஆதலின் செருக்குக் கொள்ளற்க என்பது அறிவுரையின் சாரம்.

இவ்வறிவுரையைப் பெயோவுல்ஃப் மறந்தான் என்று ஒரு சாரார் கூறுவர். அவன் வாழ்க்கை அக்கூற்றுக்கு இடந்தரவில்லை. அரசன் ஹிகெலாக் பிரீசியர் நாட்டின்மேற் படையெடுத்து மாண்டபின் (இப்படையெடுப்பை ஆறாம் நூற்றாண்டினராகிய தூர் நகரத்துக் கிரெகோரி தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார்), அரசி ஹிக்டு தன் மகன் இளையன் எனக் கருதி அரியணையைப் பெயோவுல்ஃபுக்கே அளித்தாள். அவன் அதனை ஏலாது, சிறுவனாகிய ஹெயர்ட்ரெடுக்குத் துணையாய் நின்று அறிவுரை கூறிக் காத்தான். ஹெயர்ட்ரெடு கொல்லப்பட்ட பின்னரே முடி ஏற்றான். தோழரைக் கொன்றிலன், பொய்ச்சூள் உரைத்திலன், உறவினரைக் கொன்ற பழி கொண்டிலன். இவற்றை இறக்குந் தறுவாயில் அவனே அமைதியோடு நினைந்து பார்க்கின்றான். ஹெரெமோடு ஆகும் வழியை அவன் முற்றும் தவிர்த்தான் என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின் அவன் மாறாதது எது? தன் கையை மட்டுமே நம்பும் இயல்பு ஒன்றே. ஹிகெலாக்கின் படையில் தான் எந்நாளும் முன்னணியில் தனியனாய்ச் சென்றதை நாகப்போருக்கு முன்னர் அவன் பெருமையோடு கூறுகின்றான் (2498ஆம் அடி). வீரனுக்கு அஃது அணி. அரசனுக்கு?

இரு முதிய அரசர்

ஹ்ரோத்கார் ஐம்பது ஆண்டு ஆண்டபின் கிரெண்டல் தோன்றினான். பெயோவுல்ஃப் ஐம்பது ஆண்டு ஆண்டபின் நாகம் தோன்றிற்று. இரு பகைகளையும் அறிமுகம் செய்யும் இடங்களில் (100ஆம் அடியும் 2210ஆம் அடியும்) புலவர் ஒரே தொடர் அமைப்பை ஆள்கின்றார்: எல்லாம் நன்றாயிருந்தது, 'ஒன்று' கிளர்ந்தெழும் வரை என்பது அவ்வமைப்பு. அங்கும் 'ஆன்' என்னும் சொல்லே. ஆகவே இரு முதிய அரசரையும் அருகருகே வைத்து நோக்குமாறு புலவரே நம்மை ஏவுகின்றார் எனலாம்.

ஹ்ரோத்கார் தான் பொருதிலன். பிறன் ஒருவன் வந்து உதவ, அவ்வுதவியை நாணாது ஏற்றான். அதனால் அவன் புகழ் குன்றியதாகப் புலவர் கூறவில்லை. அவனை நல்லரசன் என்றே போற்றுகின்றார். பெயோவுல்ஃபோ, பரந்த படையுடன் நாகத்தின்மேற் செல்வதை இழிவெனக் கருதினான் (2345ஆம் அடி). அவ்விடத்து ஆளப்படும் வினைச்சொல்லும், ஹ்ரோத்கார் விலக்கச் சொன்ன செருக்கைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் ஒரே அடியிற் பிறந்தவை. இதனைச் சுட்டிச் செருக்கே அவன் வீழ்ச்சிக்குக் காரணம் என்பர்.

இச்சான்று வலியதே. ஆயினும் முழுமையானதன்று. நாகம் எரித்தது எளிய மக்களின் வீடுகளை மட்டுமன்று. அரசனது இருக்கையையே அது சாம்பலாக்கிற்று. தான் ஏதோ பழைய அறத்தை மீறி இறைவனைச் சினப்பித்தேனோ என்று அவன் உள்ளம் முதன்முறையாக இருள்கின்றது. மரக்கேடயம் நெருப்புக்கு ஆற்றாது என்று அறிந்து இரும்புக் கேடயம் செய்விக்கின்றான். இவை செருக்கன் செயல்கள் அல்ல. ஆராய்ந்து செய்பவன் செயல்கள். மேலும், தோழரை விலக்கி, இஃது உங்கள் பணியன்று, என் ஒருவனுக்கே உரியது என்று அவன் கூறுமிடத்து (2532ஆம் அடி முதலாக), அவர்களைச் சாவினின்றும் காக்கும் பரிவும் கலந்துளது. செருக்கென ஒரு சொல்லால் இதனை முடித்தல் பொருந்தாது. ஐம்பது ஆண்டுக்கு முன் ஹியரோட்டில் அவனைப் புகழுக்கு உரியவனாக்கிய அதே இயல்பு, சூழ்நிலை மாறியபின்னும் தான் மாறாது நின்றமையே ஈண்டு நாம் காண்பது. ஒரு மனிதனின் வலிமையை நம்பினான் என்று புலவர் கூறுகின்றார் (2541ஆம் அடி). இளமையில் அம்மனிதன் இழக்கக்கூடியது தன் உயிர் ஒன்றே. முதுமையில் அவன் உயிரோடு பிணைந்திருப்பது ஒரு நாடு.

முறிந்த வாளும் ஒரு கேடயமும்

பெயோவுல்ஃபின் கைப்பிடியில் முப்பதின்மர் வலிமை உண்டு என்பது காப்பியத் தொடக்கத்திலேயே கூறப்படுவது. நாகப்போரில் அவன் நெய்க்லிங் என்னும் வாளை ஓங்கி நாகத்தின் தலையில் வீச, வாள் முறிகின்றது. முறிந்தமைக்குக் காரணமாகப் புலவர் வாளின் பழமையை மட்டும் கூறி அமையவில்லை; அவன் கை மிக வலியது, எவ்வாளும் அதன் வீச்சைத் தாங்காது என்கின்றார் (2684ஆம் அடி முதலாக). வலிமையே கருவியை முறித்தது. இக்காட்சி காப்பியம் முழுவதற்கும் ஓர் உவமை போன்றது. தனக்கு நிகராக நின்று தாங்கத்தக்கது எதுவும் இல்லாத வலிமை, வேண்டுங்கால் தனக்கே துணையாவதில்லை.

தோழர் நிலையும் இவ்வாறே. நாகத்தை நாடிச் சென்றபோது அவனோடு வந்தோர் பதினொருவர். பொருளைத் திருடிய ஒருவன் வழிகாட்ட உடன் வந்தான். போரில் அவன் நெருப்பாற் சூழப்பட்டபோது பதின்மர் காட்டுள் ஓடி ஒளிந்தனர். ஹியரோட்டில் பயனின்றியேனும் வாள் வீசிய தோழர் எங்கே, காட்டுள் ஓடிய இத்தோழர் எங்கே! இவர்கள் கோழைகள் என்பதை விக்லாஃபின் வாயாற் புலவர் கடுமையாகச் சாடுகின்றார். அச்சாடலில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று கருதற்பாலது. ஐம்பது ஆண்டுக்காலம் எந்த அண்டைநாட்டு அரசனும் படையெடுக்க அஞ்சிய ஒருவனின் நிழலில் வளர்ந்தவர்கள் இவர்கள். அரசனே அனைத்தையும் செய்தான். இன்றும் தானே செய்வேன் என்று கூறி விலக்கினான். ஒப்பற்ற ஒருவன் காக்கும் நாட்டில் பிறர் காவல் கற்கும் வாய்ப்பு எங்கே? இவ்வினாவைப் புலவர் வெளிப்படக் கேட்கவில்லை. ஆனால் காட்சிகளை அடுத்தடுத்து வைத்து நம்மைக் கேட்கச் செய்கின்றார் என்பது எம் கருத்து.

விக்லாஃப் ஒருவன் மட்டும் ஓடவில்லை. தலைவனோடு அவன் சென்ற முதற் போர் அது. இப்பணியைத் தனியே செய்யத் தலைவன் எண்ணினான். ஆயினும் இன்று அவனுக்கு நம் வலிமை வேண்டும் என்று தோழரை அழைக்கின்றான் (2643ஆம் அடி முதலாக). 'ஆனா' என்னும் சொல்லை எடுத்து, அதனை மறுத்து, அடுத்த தலைமுறை பேசும் இடம் இது. அவன் நெருப்பினுள் பாய்கின்றான். அவன் மரக்கேடயம் எரிந்துபோகின்றது. உடனே அவன் தன் உறவினனாகிய அரசனின் இரும்புக் கேடயத்தின் பின் புகுந்து நின்று பொருகின்றான். தனியொருவனுக்கெனச் செய்யப்பட்ட கேடயம் இருவரைக் காக்கின்றது. விக்லாஃபின் வாள் நாகத்தின் உடலில் தாழ்ந்த இடத்தே பாய, நெருப்புத் தணிகின்றது. பெயோவுல்ஃப் குறுவாளால் நாகத்தை நடுவே பிளக்கின்றான். உறவினராகிய அவ்விருவரும் சேர்ந்தே பகையை வீழ்த்தினர் என்று புலவர் தெளிவுறக் கூறுகின்றார் (2707ஆம் அடி). தனியாக என்று தொடங்கிய செயல் இருவராக என்று முடிந்தது. இதனினும் தெளிவாகக் காப்பியம் தன் கருத்தைக் கூறல் இயலுமோ?

தனிமையின் துயரம்

காப்பியத்தின் பிற்பகுதியில் 'ஆன்' என்னும் சொல் வீரத்தை விட்டுத் துயரத்தின் சொல்லாக மாறுதலும் நோக்கத்தக்கது. நாகம் காத்த பொற்குவையைப் புதைத்தவன் யார்? குலம் முழுவதும் அழிந்தபின் எஞ்சிய ஒருவன். பொன்னை ஏந்தி மகிழ எவருமில்லை என்று கூறி, அதனை நிலத்திடம் ஒப்படைத்து, எல்லார்க்கும் பின் ஒருவனாய்ப் புலம்பித் திரிந்து இறந்தவன் அவன் (2236 முதல் 2270 வரை). பெயோவுல்ஃப் தன் இளமையை நினைந்து கூறும் உரையிலும், தூக்கிலிடப்பட்ட மகனுக்காக வருந்தும் முதிய தந்தை ஒருவன், ஒருவனுக்காக ஒருவனாய்ப் படுக்கையிற் கிடந்து அழுகின்றான். வீடும் நிலமும் அவனுக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகின்றன. முற்பகுதியில் தனிமை வலியோரின் தேர்வு. பிற்பகுதியில் அஃது எஞ்சினோரின் தண்டனை.

பெயோவுல்ஃபுக்கு மகன் இல்லை. மகன் இருந்திருந்தால் தன் போர்க்கவசத்தை அவனுக்குத் தந்திருப்பேன் என்று கூறி, கழுத்தணியையும் தலைக்கவசத்தையும் விக்லாஃபுக்கு அளிக்கின்றான். நம் குலத்தில் எஞ்சியவன் நீயே என்கின்றான். தனியனாய் வந்த ஸ்கில்டு மரபை விட்டுச் சென்றான். ஐம்பது ஆண்டு பலர் நடுவே அரசனாய் வாழ்ந்தவன் தனியனாய்ச் செல்கின்றான். அவன் இறந்த செய்தியைக் கொண்டு சென்ற தூதன், பிராங்கியரும் பிரீசியரும் சுவீடியரும் பழம்பகை தீர்க்க வருவர் என்று கூறுகின்றான். தூதன் கூறியதிற் பெரும்பாலும் பொய்யில்லை எனப் புலவரும் உடன்படுகின்றார். ஈமத்தீயின் அருகே கீட்டர் குலப் பெண் ஒருத்தி, வரப்போகும் போரையும் அடிமைத்தனத்தையும் அஞ்சிப் புலம்புகின்றாள்.

தான் இறக்குமுன் மக்களுக்கு இப்பொருளை ஈட்டித் தந்தமைக்கு இறைவனுக்கு நன்றி கூறினான் பெயோவுல்ஃப். மக்களோ அப்பொன்னை அவனோடே புதைத்துவிடுகின்றனர். முன்போலவே எவர்க்கும் பயனின்றி அது மண்ணிற் கிடக்கின்றது. அவன் மக்களுக்குத் தர விரும்பியது பொன். அவர்களுக்கு வேண்டியிருந்தவன் அவன்.

இவ்விடத்தே விக்லாஃப் கூறும் சொற்கள் திறனாய்வாளரிடையே பெரிதும் பேசப்பட்டவை. ஒருவனது விருப்பத்தால் பலர் துன்புறுதல் உலகில் உண்டு. நமக்கும் அதுவே நேர்ந்தது. பொன் காத்த நாகத்தை அது கிடந்த இடத்தே கிடக்க விடுமாறு நாம் கூறிய அறிவுரையை நம் அன்பிற்குரிய அரசன் ஏற்கவில்லை என்று அவன் இரங்குகின்றான் (3077ஆம் அடி முதலாக). ஈண்டும் 'ஒருவன்' என்னும் சொல் இறுதியாக வருகின்றது. அடுத்த தொடர் அரசனையே சுட்டுதலால், அவ்வொருவன் பெயோவுல்ஃபே எனக் கொள்ளுதல் தகும். கூறுபவன் யாவன்? ஓடிய பதின்மருள் ஒருவன் அல்லன். உயிரைப் பொருட்படுத்தாது உடன் நின்றவன். ஆதலின் இது பழிச்சொல் அன்று. அன்புடையான் ஒருவனின் துயரம். அன்பும் குறைகாணலும் ஒரே வாயிற் பிறத்தலே இக்காப்பியத்தின் உயர்வு.

இறுதிச் சொல்

காப்பியத்தின் இறுதியில் பன்னிரண்டு குதிரை வீரர் கல்லறை மேட்டைச் சுற்றி வந்து அரசனைப் புகழ்கின்றனர். நான்கு பண்புகளை உயர்வெல்லையில் வைத்து அவர்கள் கூறுகின்றனர். முதல் மூன்றும் ஈரமும் மென்மையும் மக்கள்பாற் பரிவும் பற்றியவை. நான்காவது, காப்பியத்தின் கடைசிச் சொல், புகழ்வேட்கை மிக்கவன் என்பது. சமயச் சார்பான பழைய ஆங்கில உரைநடையில் இச்சொல் வீண்புகழ் விரும்புதலாகிய குறையைச் சுட்டவும் வழங்கிற்று. அதனால் புலவர் இறுதியில் தலைவனைப் பழித்தார் என்பாரும், அன்று என்பாரும் உளர்.

கல்லறையைச் சுற்றிப் புகழ்பாடும் வீரர் வாயிற் பழிச்சொல் வருதல் இயலாது. எனினும் அச்சொல் மூன்று மென்பண்புகளுக்குப் பின் தனித்து நிற்றலை யாம் புறக்கணிக்க மாட்டோம். மூன்றும் அரசனுக்கு உரியவை; நான்காவது வீரனுக்கு உரியது. ஒரே மாந்தனிடத்து இவை நான்கும் குடிகொண்டிருந்தன. முந்தியவற்றால் மக்கள் ஐம்பது ஆண்டு வாழ்ந்தனர். பிந்தியதால் அவனை இழந்தனர். ஆயினும் மக்கள் நான்கையும் ஒருங்கே புகழ்கின்றனர். எதனையும் விலக்கவில்லை.

முடிவுரை

ஒப்பற்ற தலைவனைப் பெற்றிருத்தல் பெருங்காப்பியத்திற்கு இலக்கணமாகத் தண்டியலங்காரம் கூறும். அவ்விலக்கணத்தை அறிந்த நம்மவர் இவ்வடபுலத்துக் காப்பியத்தைப் பயிலுங்கால், அது முழுவதும் பொருந்தக் கண்டு மகிழ்தல் இயல்பே. ஆனால் இப்புலவர் ஒரு படி மேற்சென்று, ஒப்பின்மைக்கு ஆகும் விலை யாது, அதனைச் செலுத்துவோர் யார் என்றும் காட்டுகின்றார். ஒப்பின்மை தலைவனுக்குப் புகழ்; அவனைச் சார்ந்தோர்க்கு அதுவே இடர். இது தலைவனின் குற்றம் அன்று. அவன் குணத்தின் மறுபுறம்.

ஆகவே, பெயோவுல்ஃப் செருக்கால் வீழ்ந்தான் என்பதும், குற்றமே அற்றவன் என்பதும் ஆகிய இரு தீர்ப்புகளும் காப்பியத்தைக் குறுக்குவன. தன் கையை மட்டும் நம்பிய ஒருவன், தன் வாழ்வின் இறுதிப் போரில் மட்டும் ஒரு கேடயத்தின் பின் இன்னொருவனுக்கு இடம் தந்தான். அந்த இடத்தை ஐம்பது ஆண்டுக்கு முன்னரே பலருக்கும் தந்திருந்தால், அப்பெண்ணின் புலம்பலுக்கு இடம் இராமற் போயிருக்கலாம். புலவர் இதனைக் கூறாது விட்டார். கல்லறை மேட்டைச் சுற்றி வரும் பன்னிருவரோடு நாமும் நின்று, புகழ்தலும் இரங்கலும் பிரிக்கவொண்ணாதவை என உணர்தலே அவர் நம்மிடம் வேண்டியது என்க.